மூன்று நாள் உபவாசம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை பஸ்ஸில் வரும்போது கேட்டேன். வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். பெரியம்மாவிடம் சொன்னதும் அழுதே விட்டார்கள்.

அப்புறம், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சபையில் எல்லோர் முன்னும் சொல்லப்போகிறாயே, அந்த சாட்சி விஷயம். நீ உபவாசம் இருந்தது மூன்று நாள். அதிலும் மூன்றாம் நாள் மத்தியானமே பரோட்டாக் கடைக்குப் போய்விட்டாய். "நாற்பது நாள்னு சொல்லுங்க பிரதர், ஜனங்களுக்கு ஆசீர்வாதமா இருக்கும்" என்று ஒருவர் யோசனை சொன்னாராம். சொல்லலாமா அண்ணே என்று கேட்கிறாய். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு, நீ கேட்டதே பெரிய விஷயம் என்று பட்டது. நானெல்லாம் கேட்டிருக்க மாட்டேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 5-ம் அதிகாரத்தை எடுத்துப் படி. ஆனால் 4-ம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களிலிருந்து ஆரம்பி. அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் வந்தவை; லூக்கா எழுதியபோது நடுவில் கோடு எதுவும் கிடையாது. சீப்புரு தீவைச் சேர்ந்த பர்னபா நிலத்தை விற்று, பணத்தைக் கொண்டுவந்து இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலருடைய பாதத்தில் வைக்கிறான். அடுத்த வரியிலேயே, நிலத்தை விற்ற இன்னொரு கணவன் மனைவி, அனனியாவும் சப்பீராளும் வந்துவிடுகிறார்கள். பர்னபாவுக்குக் கிடைத்த நல்ல பேரைப் பார்த்துத்தான் இவர்களுக்கும் ஆசை வந்திருக்கும். லூக்கா அப்படி எழுதவில்லை, இது என் ஊகம்.

அப்போஸ்தலரில் ஒருவரான பேதுரு அனனியாவிடம் கேட்பதைக் கவனி. "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" நிலத்தை விற்காமலே இருந்திருக்கலாம். விற்ற பிறகும் ஒரு பங்குதான் தர முடியும் என்று சொல்லியிருக்கலாம், யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். ஒரு பங்கை மட்டும் பாதத்தில் வைத்துவிட்டு இதுதான் மொத்தமும் என்று காட்டிக்கொண்டார்களே, வினை அங்கேதான் வந்தது. சப்பீராளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது. நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று பேதுரு நேராகவே கேட்கிறார். "ஆம், இவ்வளவுக்குத்தான்" என்கிறாள். கணவனைப் போலவே அவளும் அங்கேயே விழுந்து சாகிறாள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம், காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடுவார்களே, அது. ஒரு பூசணிக்காய்க்கு எதிர்வரிசைக்காரர் 2,800 என்றார். நான் 3,000 என்றேன். மைக்கில் என் பேரைச் சொன்னார்கள், ஒரே கைதட்டல். கையில் காசில்லை, அடுத்த மாதமும் இருக்கப்போவதில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். பூசணிக்காயை அன்றைக்கே சாம்பார் வைத்துத் தின்றாகிவிட்டது. பாக்கி நோட்டில் என் பேர் மட்டும் 14 மாதம் கிடந்தது. நோட்டு எழுதும் தாத்தா ஒருநாளும் வாய்திறந்து கேட்கவில்லை. நான்தான் திருவிருந்துக்குப் போகும்போது அவர் பக்கத்தில் முழங்காலிட நேர்ந்துவிடக் கூடாதென்று வரிசை மாறி மாறி நின்றேன். பலிபீடத்துக்கு முன்னால் என் யோசனையெல்லாம் அந்த நோட்டுதான்.

'சின்சியர்' என்ற சொல்லுக்கு 'மெழுகில்லாத' என்று அர்த்தம், ரோமாபுரியில் சிலையின் விரிசலை மெழுகு வைத்து மறைப்பார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. உண்மையைப் பற்றிப் பேசவே ஒரு கட்டுக்கதை தேவைப்படுகிறது பார்! பழைய ஆங்கில வேதாகமத்தில் பிலிப்பியர் 1:10-ல் 'சின்சியர்' என்று வரும் இடத்தில், நம் பழைய வேதாகமத்தில் "துப்புரவானவர்கள்" என்று இருக்கிறது. கலப்படமில்லாதவர்கள் என்று பொருள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். அதைக் கேட்டாலே விளக்குமாறு ஞாபகம் வருகிறது.

நாற்பது நாள் என்று நீ சொன்னால் கேட்பவர்களுக்கு ஆசீர்வாதமாக இருக்குமா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருப்பான். ஒரு நேரம் பட்டினி கிடந்தாலே தலை சுற்றுகிறவன். நமக்கெல்லாம் இது ஆகாது என்று எழுந்து போய்விடுவான். மூன்று நாளில் பரோட்டா தின்றவனுக்கும் கர்த்தர் இரங்கினார் என்று சொல்லிப் பார், அவன் நிமிர்ந்து உட்காருவான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. மைக்கைப் பிடித்ததும் கை நடுங்கினால் பரவாயில்லை, எனக்கும் நடுங்கும். அப்புறம், அந்தப் பரோட்டாக் கடை எது? பெரியம்மா கேட்கச் சொன்னார்கள்.

அன்புடன்,
அண்ணன்