கதிருக்கு இருக்கும் குறி மருந்துக்கும் வேண்டும்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். புற்றுக் கட்டிக்குள் போய்ச் சேர்ந்து, சிகிச்சைக் கதிர் பட்ட பிறகே மருந்தை விடுவிக்கும் நானோ துகள்கள் எனும் மிக நுண்ணிய துகள்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. போன வாரமும் ஒரு செய்தி படித்தேன். எலிகளில் கட்டி சுருங்கியதாம். அப்பாவின் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து இதே செய்தியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். முகத்துக்கு அளவெடுத்துச் செய்த முகமூடியை மேசையோடு பூட்டி, அசையவிடாமல் 35 நாள் கதிர் கொடுத்தார்கள். மில்லிமீட்டர் கணக்கில் குறி. கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் கலந்த புற்றுநோய் மருந்து. அதற்குக் குறி ஏது? உடம்பு முழுக்க ஓடியது. சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கக்கூடிய மருந்து அது. சிறுநீரகத்தைக் காக்க மணிக்கணக்கில் சலைன் ஏற்றினார்கள். காதுக்கு அப்படி ஒரு காப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

காய்ச்சல் வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்ததால் தினமும் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் அது கீச்சென்று கத்தி ஓய்ந்து வெகுநேரமாகியும் கையை இறுக்கியபடியே உட்கார்ந்திருந்தார். “இது கெட்டுப்போச்சும்மா, வேற வாங்கு” என்றார். தெர்மாமீட்டர் நன்றாகத்தான் இருந்தது. கீச்சென்ற ஒலிகள் முதலில் போயின, பிறகு பேத்தியின் பேச்சு. கட்டி போய்விட்டது, அதற்கு நன்றியோடுதான் இருக்கிறோம். காது திரும்பவில்லை.

அதே பிளாட்டின மருந்தைச் செயலற்ற வடிவில் துகளில் ஏற்றி அனுப்பினால், எக்ஸ் கதிர் திசுவின் நீரில் எழுப்பும் எலக்ட்ரான்கள் கட்டியிலேயே அதை உயிர்ப்பிக்கும் என்று ஆய்வகங்கள் காட்டிவிட்டன. மருந்தைச் சுமக்காமல் கதிரின் தாக்கத்தை மட்டும் கூட்டும் ஹாஃப்னியம் ஆக்சைடு என்ற உலோகச் சேர்மத்தின் துகளை நோயாளிகளின் கட்டியிலேயே ஊசியால் செலுத்திப் பார்த்து, 2019இல் ஐரோப்பாவில் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுக்கு அனுமதியும் கொடுத்தார்கள். அந்தச் சோதனையில் கட்டி ஏறத்தாழ முழுதும் அழிந்தவர்கள், கதிர் மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காடு, துகளும் சேர்த்துப் பெற்றவர்களில் 16. அப்படியிருக்க, மருந்து சுமக்கும் துகள் மட்டும் ஏன் எலிக்கூண்டிலேயே நிற்க வேண்டும்? எலியைத் தாண்டும் சோதனைக்கு நிதி ஒதுக்குங்கள்.

தடைகள் தெரியாமல் கேட்கவில்லை. இரத்தத்தில் செலுத்தும் துகளில் பொதுவாக 1 விழுக்காடுகூடக் கட்டியை எட்டுவதில்லை என்று 2016இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு நாளைக்குக் கொடுக்கும் 2 கிரே (கதிர் அளவின் அலகு) கதிரில் போதிய மருந்து விடுபடுமா, மிஞ்சிய துகள் கல்லீரலில் தங்குமா என்ற கேள்விகளும் நியாயமானவை. அவற்றுக்கு இன்னொரு புதுத் துகளும் இன்னொரு புதுப் பெயருமா பதில்? “உயிர் பிழைத்ததே பெரிது” என்று எங்களிடம் சொல்கிறார்கள். காது, சிறுநீரகம், விரல் நுனியின் உணர்வு எல்லாமே பிழைத்ததற்குக் கொடுக்க வேண்டிய விலை என்று யார் முடிவு செய்தது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒதுக்கீட்டில் எலியைத் தாண்டும் சோதனைக்கென்று ஒரு பங்கைத் தனியே வையுங்கள். அதில் சேரும் ஒவ்வொருவரின் காதையும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்