தொண்டிக் கடலாய்வாளர்களுக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் மடல்

அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் படிப்பிக்கும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சர்காசம் என்று எழுதுகிற, பழுப்புக் கடற்பாசியான கட்டக்கோரையைப் பற்றி, எங்கள் ஊருக்கு வந்து தமிழில் பேச வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அண்மையில் ஒரு ஆச்சி பையிலிருந்து டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "தம்பி, இதச் சாப்புட்டா சுகர் மாத்திரைய நிறுத்திறலாம்னு சொல்லிக் குடுத்தாக. நிறுத்திறவா?" லேபிளில் ஃபியூகோய்டன் என்ற பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. எந்தப் பாசி, எத்தனை மில்லிகிராம், அயோடின் எவ்வளவு, ஒன்றும் இல்லை. ஆச்சி இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்.

ஃபியூகோய்டனை 1913-இல் சுவீடன்காரர் ஹரால்ட் கைலின் பழுப்புப் பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலி அது. ஆய்வுக்கூடத்தில், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தைப் போலவே ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தக்கூடாது என்று சொல்லித்தான் ஆச்சியை அனுப்பினேன்.

பாசியில் மருந்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நெஞ்செரிச்சலுக்கு நான் தினமும் எடுத்துக் கொடுக்கிற சிரப்பில் இருப்பது பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட்தான். வயிற்று அமிலம் பட்டதும் அது கூழாகும். கூடவே இருக்கும் சோடா உப்பு வாயுவைக் கிளப்ப, அந்தக் கூழ் மேலே மிதந்து அமிலம் நெஞ்சுக்கு ஏறாமல் மூடிக்கொள்ளும். எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்த மருந்து அது. ஆறாத புண்ணுக்குப் போடும் கட்டுத்துணியிலும் இதே ஆல்ஜினேட் உண்டு.

பழுப்புப் பாசியிலேயே இருக்கும் ஃபுளோரோடானின், ஃபியூகோசாந்தின் என்ற பொருள்களின் கதை வேறு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியை ஃபுளோரோடானின் ஆய்வுக்கூடத் தட்டில் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் தட்டில் தடுப்பதும் ஒரு மனிதரின் சர்க்கரையைக் குறைப்பதும் ஒன்றாகிவிடாது. இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் பாசிச் சாற்றில் காப்ஸ்யூல் உருவாக்கி, தயாரிப்பு உரிமம் கொடுத்திருக்கிறது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதைக் காட்டி எதையோ அடைத்து விற்கிறவர்கள் மேல்தான் கோபம்.

அயோடினையும் சொல்லியாக வேண்டும். வளர்ந்தவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் உப்பும் மீனும் சேர்க்கிற வீட்டில் அதற்குக் குறைவிருக்காது. பழுப்புப் பாசியோ அயோடினைச் சேர்த்து வைப்பது; அயோடின் மிஞ்சினால் தைராய்டைப் பாதிக்கும். தைராய்டு மாத்திரை வாங்க வருகிற எத்தனையோ பெண்களுக்கு இது தெரியாது.

போலிச் சரக்கால் பாசியின் பெயர் கெட்டால், பாம்பன் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி எடுக்கிற பெண்களுக்கும் விலை விழும்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எது நிரூபணமானது, எது இன்னும் ஆய்வில் இருக்கிறது, யார் தொடக்கூடாது என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அச்சடித்து என் கடையிலும் அக்கம்பக்கத்துக் கடைகளிலும் ஒட்டுவது என் பொறுப்பு. மண்டபம் கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டுப் பட்டாலையில் பாய் விரிக்கிறேன். இங்கே விற்கிற டப்பாக்களை ரசீதோடு வாங்கித் தருகிறேன். அவற்றில் அயோடினும் ஆர்செனிக் என்ற நச்சும் எவ்வளவு என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.