பார்வையற்றோரின் பயணப் பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் வெளியூர் செல்வோர் எடுத்துச் செல்ல வேண்டியவை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை என் பேத்தி எனக்குப் படித்துக் காட்டினாள். தொப்பி முதல் தண்ணீர்ப் புட்டி வரை விரிவாகச் சொல்லியிருந்த அக்கட்டுரையில், என்னைப் போன்ற பார்வையற்ற பயணிகளுக்கென்று ஒரு வரிகூட இல்லாதது மனத்தை உறுத்தியது. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்கும் பெங்களூருக்கும் பெரும்பாலும் தனியாகவே போய்வந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பயணம் போகிறவரே தம் பையை அடுக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்வேன். சென்ற ஆண்டு நான் அடுக்கி முடித்த பையை, துணி கசங்கிவிடுமே என்ற பரிவில் என் மருமகள் பிரித்து வேறு விதமாக அடுக்கிவிட்டாள். உணவுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை ரயிலில் தடவித் தடவித் தேடி, ஓசூர் தாண்டிய பிறகே சோப்புப் பெட்டிக்கு அடியில் கண்டெடுத்தேன். எது எந்த அறையில் இருக்கிறது என்ற நினைவை நம்பித்தான் நாங்கள் பொருளை எடுக்கிறோம் என்பதை வீட்டில் உள்ளவர்கள் அறிந்திருப்பது நல்லது. காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மாத்திரைக்கு இரண்டு என்று சுற்றி வைக்கிறேன். பற்பசையும் களிம்பும் ஒரே வடிவக் குழாயில் வருவதால் களிம்பை மருந்துப் பையிலேயே வைத்துவிடுவேன். புடவையோடு அதற்குரிய ரவிக்கையை ஊக்கால் குத்தி வைத்தால், போன இடத்தில் நிறப் பொருத்தம் பற்றி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பை தோளில் மாட்டுவதாக இருக்கட்டும். ஒரு கை வெண்கோலுக்கும், மறு கை பேருந்தின் கைப்பிடிக்கோ வழிகாட்டுபவரின் முழங்கைக்கோ வேண்டும். மடக்கு வெண்கோலின் குழாய்களை உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் இணைத்து வைத்திருக்கிறது. அது அறுந்தால் கோல் துண்டு துண்டாகிவிடும். தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒருமுறை எனக்கு அப்படி அறுந்து, நின்ற இடத்திலேயே நிற்க நேர்ந்தது. அன்று முதல் இரண்டாவது கோல் இல்லாமல் நான் புறப்படுவதில்லை.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புதிய 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் மூன்றும் 66 மில்லிமீட்டர் அகலமே. நீளம் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர். நூறு ரூபாயில் முக்கோணமும் ஐந்நூறில் வட்டமும் மேடாக அச்சிடப்பட்டிருந்தாலும், பல கை மாறிய தாளில் அவை தேய்ந்துவிடுகின்றன. நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை, நடத்துநர் அவசரப்படுத்தும் நேரத்தில் விரலால் எப்படி அளப்பது? ஆகவே வீட்டிலேயே ஐந்நூறை மடிக்காமலும், இருநூறை நீளவாக்கிலும், நூறைக் குறுக்கேயும் மடித்து வைத்துக்கொள்கிறேன். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மணி’ செயலி இணைய இணைப்பு இல்லாமலும் தாளின் மதிப்பைச் சொல்லும். புறப்படும் முன்பே அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். திரையில் உள்ளதை நாள் முழுவதும் எங்களுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வரும் கைப்பேசியின் மின்சாரம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் பவர் பேங்கும் அவசியம். காதொலிப்பானை ஒரு காதில் மட்டும் மாட்ட வேண்டும். மறு காதுக்குச் சாலையின் ஒலி கேட்டாக வேண்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் மூலத்தையும், ரயில்வே வழங்கும் சலுகை அட்டையையும் மறக்கலாகாது. முற்றிலும் பார்வையற்றவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும், சாதாரணப் படுக்கை வகுப்பிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. ஏடிஎம் அட்டையோடு குழம்பாதிருக்க, அடையாள அட்டை உறையின் ஒரு மூலையை வெட்டி வைத்திருக்கிறேன். பெங்களூர் செல்வோர், போக வேண்டிய முகவரியைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய சீட்டொன்றை வைத்துக்கொண்டால் ஆட்டோவில் ஏறுவது எளிது. விடுதியில் தங்குவோர் அறைக் கதவின் கைப்பிடியில் கட்ட ஒரு துண்டுக் கயிறும் வைத்துக்கொள்ளலாம். வரிசையாக உள்ள கதவுகளில் நம்முடையது எதுவென்று அது சொல்லும்.

இறுதியாக, கண் தெரியாதவளுக்கு எதற்கு என்று பலரும் கேட்கும் பொருள் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து வந்த இரவுப் பேருந்து ஒன்று, கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குள் வராமல் என்னைப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போனது. நிலையத்தில் காத்திருந்த மகன் தேடி வந்து சேரும் வரை, லாரிகள் விரையும் சாலையோரத்தில் தனியாக நின்றேன். அந்த இருளில் என் வெண்கோல் எந்த ஓட்டுநருக்கும் தெரிந்திருக்காது. இப்போது கோலில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறேன். பையின் வெளி அறையில் ஒரு சிறு டார்ச்சும் வைத்திருக்கிறேன். இரவில் இறங்கியதும் அதை எரியவிட்டுக் கையில் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.