அது பொம்மை இல்லை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. ஏன் பதில் போடவில்லை என்று நேரில் வந்து திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் வலி தேவலை. நம் சிநேகிதன் கார்புரேட்டர் (பட்டப்பெயர் போட்டதே நாம்தானே) பேசினான், உன்னை விசாரித்தான், அந்த மழைநாள் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னான். நீ இல்லாததால் முழுதும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

இப்போது அவசரமாக எழுத உட்கார்ந்தது உன் மகள் சின்னவளால். நேற்று ராத்திரி போன் செய்து, "மாமா, அப்பா ஒத்துக்கிட்டார், எலெக்ட்ரிக் பைக் வாங்கித் தர்றார்" என்று குதித்தாள். எந்த வண்டி என்று கேட்டேன். சொன்னாள். சாதாரண ஸ்கூட்டர் இல்லை, நூறு ஹார்ஸ்பவரைத் தாண்டுகிற பெரிய பைக். அப்பாவா ஒத்துக்கொண்டார் என்றேன். "பெட்ரோல் பைக்தான் ஆபத்து, பேட்டரி வண்டி பொம்மை மாதிரின்னு அப்பாவே சொல்லிட்டார்" என்றாள். அதன் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

டேய், அது பொம்மை இல்லை. உன் தலைக்குள் இன்னும் அந்தப் பழைய பேட்டரி ஸ்கூட்டர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டில் நான் இறங்கித் தள்ள, நீ மேலே மகாராஜா மாதிரி உட்கார்ந்து வந்தாயே, அந்த வண்டி. அதை மறந்துவிட்டு நான் சொல்வதைக் கேள்.

முதலில் காரில் பேட்டரி என்ன செய்திருக்கிறது என்று பார். பெட்ரோல் இன்ஜின் தன் முழு இழுவையைக் காட்ட ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், ஏற வேண்டும், அதற்குத் தோதான கியரும் விழ வேண்டும். எலெக்ட்ரிக் மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. சக்கரம் அசையும் முன்பே அந்த இழுவை மொத்தமும் தயாராக நிற்கும். 2023இல் ரிமாக் நெவேரா என்ற எலெக்ட்ரிக் கார் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 1.81 விநாடியில் தொட்டது. சரி, கிளம்புவதில் ஜெயிக்கட்டும், உச்ச வேகத்தில் பெட்ரோல்தான் என்று நீ சொல்வாய். 2019இல் புகாட்டி சிரோன் 490 கிலோமீட்டர் வேகம் போனது உண்மைதான். 2025 செப்டம்பரில் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் என்ற எலெக்ட்ரிக் கார் 496 போய்விட்டது.

மலை ஏறாது என்பாயே, அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்ற மலைப் பந்தயம், 20 கிலோமீட்டர், 156 வளைவு, முடிகிற இடம் 4,300 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும், பெட்ரோல் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். 2013இல் செபாஸ்டியன் லோப் பெட்ரோல் பெஜோ காரில் 8 நிமிடம் 13 விநாடி எடுத்தார். 2018இல் ரோமன் டுமா எலெக்ட்ரிக் ஃபோக்ஸ்வாகன் காரில் 7 நிமிடம் 57 விநாடியில் ஏறி, அந்த மலையில் எட்டு நிமிடத்துக்குக் கீழே வந்த முதல் ஆள் ஆனார். இன்னொன்றும் சொல்கிறேன். மனிதன் சாலையில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியதே பேட்டரி வண்டியில்தான். 1899, கமில் ஜெனாட்சி, பாரிஸ் பக்கத்தில். நம் தாத்தாக்கள் பிறக்கும் முன்பே நடந்தது.

ஆனால் பைக் விஷயம் வேறு. இங்கேதான் நீயும் சின்னவளும் ஆளுக்கொரு பக்கம் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள்.

அவள் நினைக்கிறாள், எலெக்ட்ரிக் வந்ததும் பைக் எல்லா விதத்திலும் பெட்ரோலை முந்திவிட்டது என்று. முந்தவில்லை. காரில் எடையை மறைக்க இடம் இருக்கிறது, தரைக்கடியில் பேட்டரியைப் பரப்பிவிடலாம். பைக்கில் எங்கே பரப்புவது? மோட்டோஇ என்ற எலெக்ட்ரிக் பைக் பந்தயத்துக்காக டுகாட்டி கம்பெனி செய்த வண்டியை எடுத்துக்கொள். மொத்தம் 225 கிலோ, அதில் பேட்டரி மட்டும் 110 கிலோ. அதற்குள் இருக்கும் மின்சாரம் 18 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் அளவு ஆற்றல் உண்டு. ஆக 110 கிலோவைச் சுமந்துகொண்டு போவது 2 லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான சரக்கு! பெட்ரோல் இன்ஜின் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணடிக்கும், மோட்டார் பத்தில் ஒன்பது பங்கை ஓட்டத்துக்குக் கொடுக்கும் என்று கணக்குப் போட்டாலும் ஆறேழு லிட்டருக்கு மேல் வராது. மோட்டோஜிபி என்ற பெட்ரோல் பந்தயத்தின் வண்டியோ 157 கிலோ எடையில் 22 லிட்டர் டேங்க் வைத்துக்கொண்டு ஓடியது. அதனால்தான் மோட்டோஇ பந்தயங்கள் ஏழெட்டுச் சுற்றிலேயே முடிந்தன. 2025 சீசனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் பைக் பந்தயத்திலும் இதே கதைதான். 2019இல் மைக்கேல் ரட்டர் எலெக்ட்ரிக் பைக்கில் சராசரி 196 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று சுற்றினார். சுற்று ஒன்று 60 கிலோமீட்டர். பிரமாதம்தான். ஆனால் எலெக்ட்ரிக் பந்தயமே அந்த ஒரு சுற்றுதான். பெட்ரோல்காரர்கள் சராசரி 218ஐத் தொட்டார்கள், சீனியர் பந்தயத்தில் ஆறு சுற்று ஓடினார்கள்.

ஹைவேயில் நிலைமை இன்னும் கஷ்டம். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. பைக்கும் அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்த ஆளும் காற்றைக் கிழிக்கும் வடிவமே இல்லை. ஊருக்குள் கிடைக்கிற ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்), பெரிய பைக்குகளில் ஹைவே வேகத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உன் பெட்ரோல் வண்டி இதற்கு நேரெதிர், சீராகப் போனால்தான் மைலேஜ் கொடுக்கும். விளம்பரத்தில் ஊருக்குள் ஓட்டிய ரேஞ்சைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு ஹைவே எண்ணைத் தேட விடுகிறார்கள், எனக்கு ஆத்திரமாக வருகிறது. அப்புறம், சார்ஜ் ரொம்பக் குறைந்தால் வண்டி தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். காலையில் இருந்த பிக்அப்பை நம்பிச் சாயங்காலம் லாரியை ஓவர்டேக் பண்ண எதிர்ப் பக்கம் ஏறினால், நடுவில் அந்தப் பிக்அப் இருக்காது. இதை அவளிடம் நீ கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி உன் பக்கம். கிளம்பும் வேகத்தில் அந்தப் பைக் ஆயிரம் சிசி பெட்ரோல் பைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஹார்லி கம்பெனி 2019இல் கொண்டுவந்த லைவ்வயர் 3 விநாடியில் 96 கிலோமீட்டர் வேகம் போகும் என்று அவர்களே அறிவித்தார்கள். பெட்ரோல் சூப்பர்பைக்கும் அந்த அளவுதான். அதற்கு மேல் திருகினால் முன்சக்கரம் தூக்கும், அதனால் பவரைக் கூட்டிப் பெரிய லாபம் இல்லை. இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். பெட்ரோல் பைக்கில் அந்த 3 விநாடியை எடுக்க உனக்கு எவ்வளவு காலம் ஆயிற்று? கிளட்சை எங்கே விடுவது, எந்தச் சத்தத்தில் கியர் மாற்றுவது என்று வருஷக்கணக்காகக் கற்றாய். உன் பின்சீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தவன் நான். தப்பாக விட்டால் இன்ஜின் அணைந்து வண்டி நின்றுவிடும். கத்துக்குட்டிக்கு அந்த நிற்பதுதான் காவல். வித்தை கை வந்த பிறகுதான் வேகம் வரும்.

எலெக்ட்ரிக்கில் அந்தக் காவல் இல்லை. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, மணிக்கட்டைத் திருகினால் போதும். இருபது வருஷம் ஓட்டியவனுக்குக் கிடைக்கிற அதே 3 விநாடி, நேற்று லைசென்ஸ் எடுத்தவளுக்கும் கிடைக்கும். தப்பு செய்தால் வண்டி நிற்காது, பாயும். இதைத்தான் நீ பொம்மை என்கிறாய்.

சத்தம் இல்லாததும் சின்ன விஷயமில்லை. உனக்கு அது ரசனைக் குறை. அவளுக்கு, எவ்வளவு வேகம் போகிறோம் என்று காது சொல்லாது. குறுக்கே நடப்பவருக்கும் கேட்காது. நிற்கும்போது ஆன் ஆகியிருப்பதே தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளப் போனால், வண்டி கையை இழுத்துக்கொண்டு முன்னால் பாயும்.

வாங்காதே என்று சொல்ல வரவில்லை. எனக்கு அந்த வண்டி மேல் உன்னை விட ஆசை அதிகம். ஊருக்குள் அதைப் போல வேறொன்று இல்லை. பிரேக் பிடிக்கிற இடத்திலெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது, சிக்னலில் வீணாக எதுவும் எரிவதில்லை, காலில் சூடு அடிப்பதில்லை. ஆனால் அவளுக்கு இந்த வண்டி இப்போது வேண்டாம். இதில் கால்வாசி பவர் உள்ள எலெக்ட்ரிக்கை முதலில் வாங்கிக் கொடு, ஒரு வருஷம் எல்லா மழையிலும் ஓட்டட்டும். கேட்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் (பிடிப்பாள், உன் மகள்தானே) பெரியதையே வாங்கு. ஆனால் பவர் குறைந்த மோடில் பூட்டிக் கொடு, அதை மாற்றும் அதிகாரம் உன் கையில் இருக்கட்டும். பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும், திருகும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இல்லாத வண்டியைத் தொடவே தொடாதே. மெதுவாக வளைக்கும்போது அரை கிளட்ச் பிடிக்க வழியில்லை, பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே திரும்பப் பழக வேண்டும். அதைக் காலி மைதானத்தில் நானே கற்றுக்கொடுக்கிறேன்.

டெலிவரி எடுக்கும் முன்பு எனக்குச் சொல், அந்த வாரம் அங்கே இருப்பேன். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை மூன்றும் என் செலவு, அதில் நீ தலையிடக் கூடாது. கார்புரேட்டரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். மழைநாள் கதையை இந்த முறை சின்னவளிடம் சொல்லட்டும். கடைசியில் என்ன ஆயிற்று என்பது அவளும் தெரிந்துகொள்ள வேண்டியது.

நான் தாமதித்த மாதிரி நீ தாமதிக்காதே. முன்பணம் கட்டிவிட்டாயா என்று மட்டுமாவது இன்றைக்கே சொல்.

அன்புடன்,
உன் பின்சீட்டுக்காரன்