திரித்துவத்தையும் சிலுவையையும் பேசட்டும்

ஆசிரியருக்கு,

மத நல்லிணக்கக் கூட்டம் என்றாலே யாராவது மைக் பிடித்து எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுகிறார்கள், கைதட்டலும் கிடைக்கிறது. கிறிஸ்தவமும் இஸ்லாமும் ஒன்று கிடையாது. இயேசு சிலுவையில் இறந்து உயிர்த்தார் என்பதில்தான் ஒரு தரப்பின் விசுவாசமே நிற்கிறது, அவர் கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்கிறது குர்ஆன் (4:157). ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கிறார் என்ற திரித்துவத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு என்ன உரையாடல்?

ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் வேறுபட்டவரோடு எப்படி இருப்பது என்பதற்கு இரு வேதங்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது. வேதக்காரர்களை, அதாவது யூதர்களையும் கிறிஸ்தவர்களையும், பொதுவான ஒரு சொல்லுக்கு அழைக்கும் குர்ஆனின் 3:64 வசனத்தைப் பாருங்கள்: இறைவனுக்கு இணை வைக்கக் கூடாது என்று தன் கொள்கையை விட்டுக்கொடுக்காமல் அழைக்கிறது, அவர்கள் வராவிட்டால் 'நாங்கள் முஸ்லிம்கள் என்பதற்குச் சாட்சியாக இருங்கள்' என்று சொல்லிவிடுங்கள் என்பதோடு முடிகிறது. அவ்வளவுதான். 2007-ல் 138 முஸ்லிம் அறிஞர்கள் போப்புக்கும் மற்ற திருச்சபைத் தலைவர்களுக்கும் எழுதிய திறந்த மடலுக்கு அடிப்படையும் இந்த வசனமே. 5:48 இன்னும் ஒரு படி மேலே போய், இறைவன் நாடியிருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான், நன்மையில் போட்டி போடுங்கள், எதில் கருத்து வேறுபட்டீர்களோ அதை அவனே உங்களுக்கு அறிவிப்பான் என்கிறது. மத்தேயு 13-ல் கோதுமையோடு முளைத்த களையை வேலைக்காரர்கள் பிடுங்கப் போகும்போது இயேசுவின் உவமையில் வரும் முதலாளி சொல்வதும் ஏறக்குறைய இதுதான், அறுவடை வரை விடுங்கள். தீர்ப்பு நம் கையில் இல்லை, இரண்டு பக்கமும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதை 1965-ல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கையில் எழுதியே வைத்தது: முஸ்லிம்கள் ஒரே கடவுளை வழிபடுகிறார்கள், இயேசுவைக் கடவுளாக ஏற்காவிட்டாலும் இறைவாக்கினராகப் போற்றுகிறார்கள். வேறுபாடும் மதிப்பும் ஒரே வாக்கியத்தில். இது நவீன காலத்து நாகரிகம் என்று நினைப்பவர்கள் அந்த அறிக்கையின் அடிக்குறிப்பையும் பார்க்கலாம், 1076-ல் போப் ஏழாம் கிரகோரி வட ஆப்பிரிக்காவின் முஸ்லிம் மன்னர் அல்-நாசிருக்கு எழுதிய கடிதம் அங்கே இருக்கிறது. வெவ்வேறு விதத்தில் என்றாலும் நாம் ஒரே கடவுளை நம்புகிறோம் என்று எழுதியிருந்தார். (1095-ல் சிலுவைப் போருக்கு அழைத்தவரும் ஒரு போப்தான், அதுவும் வரலாறு.)

அதனால் கூட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொன்னாடைகளைக் குறைத்துவிட்டு, ஒரு பாதிரியாரையும் ஓர் ஆலிமையும் உட்காரவைத்துத் திரித்துவத்தையும் சிலுவையையும் பற்றி ஒரு மணி நேரம் பேசவிடுங்கள், கேட்க நிச்சயம் வருவேன்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்