லாரிக்குப் பின்னால் இருக்கும் காற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கனரக வாகன ஓட்டுநர்,
பணி அனுபவம்: 26 ஆண்டுகள்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை.

பொருள்: மொபெட் ஓட்டும் பதின்ம வயதுப் பிள்ளைகள் லாரி, பஸ்களை ஒட்டிப் பின்தொடர்வது – பழகுநர் உரிமப் பயிற்சியில் இதற்கான நேரடிச் செயல்விளக்கத்தைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 26 ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். அதற்கு முன்னால், பதினாறு வயதில், லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு மொபெட் ஓட்டிய பையனும் நான்தான். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால் இந்த மனுவை எழுதுகிறேன்.

எங்கள் கூட்டாளிகள் நான்கு பேரிடமும் இருந்தவை 50 சிசி மொபெட்டுகள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் 50 கிலோமீட்டரோடு நின்றுவிடும். எதிர்க்காற்று அடித்தால் நாற்பதுக்கே திணறும். ஒரு நாள் பெட்டி வைத்த பெரிய லாரி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. தாண்டி முடித்ததும் என் வண்டி லேசாகிவிட்டது. காதில் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று நின்றது. படபடத்துக்கொண்டிருந்த சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. எஞ்சின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, அதுவும் சிரமமே இல்லாத சத்தம். முள் 50-ஐத் தாண்டி 60-க்கு ஏறியது, அப்புறம் 65. நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. லாரி என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

இதற்கு ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று பெயர் இருப்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்குள் ‘காத்து மறைவு’ என்று சொல்லிக்கொள்வோம். “இன்னிக்கு எவ்வளவு நேரம் காத்து மறைவுல இருந்த?” என்பதுதான் சாயங்காலம் கூடியதும் முதல் கேள்வி. யார் அதிக தூரம் போனது, யார் அதிகம் நெருங்கியது என்று கணக்குப் பார்ப்போம். பின்பலகையை விரலால் தொட்டுவிட்டு வந்தவனுக்கு அன்றைக்கு முழுக்கத் தனி மரியாதை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை ஐயா. அந்த வயதுப் பிள்ளை எதைத் தேடி அங்கே போகிறான் என்று தெரியாமல் போடுகிற எந்த உத்தரவும் அவன் காதில் ஏறாது.

அவன் சாகத் துணிந்து போவதாகப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். அவனுக்கோ, சாலையிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று தோன்றுகிறது. ஆபத்து என்றால் சத்தம் இருக்கும், ஆட்டம் இருக்கும், நெஞ்சு படபடக்கும். இங்கே நெருங்க நெருங்க எல்லாம் அடங்குகிறது. காற்று இல்லை, வண்டி அலுங்காமல் போகிறது, முன்னால் ஒரு பெரிய சுவர் காவலுக்கு நிற்பது போல இருக்கிறது. ‘முன் வாகனத்தை ஒட்டிச் செல்லாதீர்’ என்று பாடத்தில் படித்த ஒரு வரி, உடம்பு நேரில் கண்ட அந்தச் சுகத்தோடு போட்டி போட முடியாது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன எஞ்சின் கொடுக்கிற சக்தியில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அதன் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு; அதை வெல்லத் தேவையான சக்தியோ மும்மடியில் ஏறும், அதாவது எட்டு மடங்கு. 50-ல் ஓடும் வண்டி 65-க்குப் போக வேண்டுமானால் காற்றைத் தள்ள மட்டுமே இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். மொபெட்டிடம் அது கிடையாது. லாரி அந்த வேலையை முன்னாலேயே செய்துவிடுகிறது. அதன் தட்டையான பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து, படகுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு கூடவே வருகிற மாதிரி, காற்றும் லாரியோடு சேர்ந்தே ஓடி வருகிறது. அதற்குள் நுழைந்த மொபெட்டுக்குத் தடையே பாதியாகிவிட்டது போல இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மொபெட்டின் வடிவமைப்பு வேகமே மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எஞ்சினை எவ்வளவு சின்னதாக வைத்தாலும், லாரியின் நிழலுக்குள் போய்விட்டால் வேகத்தை லாரிதான் தீர்மானிக்கிறது. பிரேக்கும் டயரும் சட்டகமும் மட்டும் அதே சின்ன வண்டியினுடையவை. 50-க்குப் பதில் 65-ல் ஓடும் வண்டியை நிறுத்த, அந்தச் சின்ன பிரேக் ஏறத்தாழ 70 சதவீதம் கூடுதலான ஆற்றலைத் தாங்கியாக வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று இரண்டு பேர் போனோம். நண்பன் லாரியிலிருந்து மூன்று மீட்டரில், நான் அவனுக்குப் பின்னால் கொஞ்சம் விலகி. லாரியின் மட்கார்டில் தொங்கிய ரப்பர் பட்டை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் நினைவிருக்கிறது. சாலை நடுவில் ஒரு பள்ளம். லாரிக்காரருக்கு அது தெரிந்திருக்கும்; இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டியிருப்பார். நாங்களே இன்றும் அப்படித்தான் செய்கிறோம். அந்தப் பள்ளம் பம்பருக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோதுதான் என் நண்பனின் கண்ணில் பட்டது. 65 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 18 மீட்டர் போகிறோம். மூன்று மீட்டருக்கு ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. பார்த்ததை மூளை புரிந்துகொண்டு கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிய சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நான் அவனைத் தாண்டி எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனுக்குத் தொடையெலும்பு முறிந்தது. இன்றைக்கும் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான்.

லாரி நிற்கவில்லை. அந்த ஓட்டுநர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, நானே லாரி ஓட்டப் பழகும் வரை. முதல் முறை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கண்ணாடியையும் பார்த்த அன்றுதான் புரிந்தது: பின்னால் ஒருவன் இருந்ததே அவருக்குத் தெரியாது.

ஐயா, பெட்டி லாரியின் நேர் பின்பக்கம் எங்களுக்கு முழு இருட்டு. பக்கக் கண்ணாடியில் பெட்டியின் விளிம்பும் பக்கத்துச் சாலையும் தெரியும். மூன்று மீட்டர் பின்னால் நடுவில் வருகிற மொபெட், எனக்கு இல்லாத வண்டி. நாங்கள் கண்டுபிடிப்பதெல்லாம் தற்செயலாகத்தான். ஒரு முறை சாயங்கால வெயிலில் என் லாரியின் நிழல் சாலையோரம் நீளமாக விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தபோது நிழலின் முடிவில் ஒரு சின்னத் தலை தனியாக ஆடியது. லாரியின் நிழலுக்குத் தலை ஏது? எனக்குக் கை கால் சில்லிட்டுவிட்டது. பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, விளக்குகளைச் சிமிட்டவிட்டு, வேகம் தானாகக் குறையக் குறைய ஓரங்கட்டினேன். இறங்கிப் போனால் பதினாறு பதினேழு வயதுப் பையன். ஹெல்மெட் போட்டிருந்தான், மரியாதையாகப் பேசினான். “அண்ணே, பின்னாடிதாண்ணே சேஃபா இருக்கு, காத்தே இல்ல” என்றான். என் வாயில் வந்திருக்க வேண்டிய வார்த்தை, அந்த வயதில்.

நான் அவனைத் திட்டவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தேன். அவன் மொபெட்டின் பக்கத்தில் நான் போய் நின்று, “என்னைப் பார்த்துச் சொல்லு, எத்தனை விரல் காட்டுறேன்?” என்று கத்தினேன். பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன். “அண்ணே, நீங்க எங்க நிக்கறீங்க?” என்றான். இறங்கி வந்தபோது அவன் முகமே மாறியிருந்தது. நான் அறிவுரை என்று எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

இந்த மனுவில் நான் கேட்பது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். பழகுநர் உரிமத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும், முக்கியமாக மொபெட்டுக்கு வருகிறவர்களை, நிறுத்திவைத்த ஒரு லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். பின்னால் மூன்று மீட்டரில் ஒரு மொபெட்டையும் ஒரு ஆளையும் நிறுத்துங்கள். கண்ணாடியில் தேடச் சொல்லுங்கள். அப்புறம் கீழே இறக்கி, ஆளைப் பின்னாலேயே நடந்து போகச் சொல்லி, எந்த இடத்தில் ஓட்டுநருக்குத் தெரிய ஆரம்பிக்கிறார் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். இதற்குப் புதுச் சாதனம் எதுவும் தேவையில்லை. ஒரு மைதானம், ஒரு லாரி, ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும்.

கூடவே காற்றைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். ‘லாரிக்குப் பின்னால் வண்டி லேசாக ஓடும், வேகம் கூடும், சுகமாக இருக்கும்’ என்று ஆசிரியரே முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிடும் என்று சிலர் தயங்குவார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களே கண்டுபிடித்தோம். ஒவ்வொரு தலைமுறையும் தானே கண்டுபிடிக்கத்தான் போகிறது. பெரியவர்கள் மறைத்ததைத் தான் கண்டுபிடித்தோம் என்று ஒரு பையன் நினைத்துவிட்டால், அதற்குமேல் நாம் சொல்வதை அவன் நம்ப மாட்டான்.

அந்த மறைவிலிருந்து வெளியே வருவதையும் சொல்ல வேண்டும். 65-ல் போய்க்கொண்டே ஓரமாக விலகினால், அதுவரை இல்லாத முழுக் காற்றும் நெஞ்சில் ஒரே அடியாக அடிக்கும். லாரியின் விளிம்பில் காற்று சுழன்றுகொண்டிருப்பதால் கைப்பிடி உதறும். லாரி பக்கவாட்டில் தாண்டும்போது இன்னொரு கதை. முன்பகுதி வரும்போது காற்று நம்மை வெளியே தள்ளும். பழகாதவன் லாரிப் பக்கம் திருப்பிச் சமாளிப்பான். அடுத்த கணமே தள்ளுவது நின்று உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். அவன் திருப்பியதும் காற்று இழுப்பதும் ஒன்று சேர்ந்துவிடும். கைப்பிடியை இறுக்காமல், வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஓரம் விட்டு ஓட்டு என்று யாராவது ஒருமுறை சொல்லியிருந்தாலே போதும்.

பிள்ளைகள் நம்மிடம் சாதனைக்காரர்களைக் காட்டுவார்கள், அதற்கும் பதில் இருக்க வேண்டும். 1899-ல் அமெரிக்காவில் சார்லஸ் மர்பி என்பவர் ரயிலுக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டி ஒரு மைலை 57.8 நொடியில் கடந்தார். 2018-ல் டெனிஸ் முல்லர்-கொரெனெக் என்ற பெண்மணி, பான்வில் உப்புச் சமவெளியில் பந்தயக் கார் ஒன்றின் பின்னால் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினார். இரண்டும் உண்மை. மர்பிக்காகத் தண்டவாளங்களுக்கு நடுவில் பலகை பரப்பிப் பாதை போட்டிருந்தார்கள். டெனிஸ் ஓட்டியது ஒரு பள்ளம்கூட இல்லாத உப்புத் தரையில். எல்லாவற்றையும்விட முக்கியம், முன்னால் போனவர்களுக்குப் பின்னால் ஒருவர் வருவது தெரியும், அவருக்காகவே ஓட்டினார்கள். என் லாரி பின்னால் வருகிறவனுக்காக ஓடவில்லை என்பதை அந்தப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டும்.

எங்கள் தரப்புக் குறையையும் சொல்லியாக வேண்டும். பல லாரிகளின் பின்விளக்குகள் சேறு அப்பி, பாதி எரியாமல் கிடக்கின்றன. பிரேக் பிடித்ததே பின்னால் வருபவருக்குத் தெரிவதில்லை. தகுதிச் சோதனையில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பலகையில் ‘இங்கே நீ எனக்குத் தெரியவில்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதவும் உத்தரவிடலாம். கனரக ஓட்டுநர் பயிற்சியிலும், பின்னால் மொபெட் ஒட்டியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிரேக்கை மிதிக்காமல் மெல்ல வேகத்தைக் குறைக்கும் முறையைச் சேர்க்க வேண்டும். கோபத்தில் ‘பயமுறுத்திவிடுவோம்’ என்று பிரேக்கைத் தட்டுகிற ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அது கொலைக்குச் சமம்.

அபராதத்தைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆளில்லாத நீண்ட சாலையில் சில நிமிடம் நடக்கிற காரியம் இது. பிடிக்க அங்கே யாரும் இருப்பதில்லை.

சோதனை முயற்சியாக ஒரே ஒரு பயிற்சி மையத்தில் இதைத் தொடங்க அனுமதி கொடுத்தாலும் போதும் ஐயா. வாரத்தில் எனக்கு ஒரு நாள் ஓய்வு உண்டு. லாரி உரிமையாளரிடம் பேசிவிட்டேன், அன்றைக்கு வண்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் இருக்கையில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு. பின்னால் மொபெட்டோடு நிற்பதற்கு, தொடையில் கம்பி வைத்திருக்கும் என் நண்பனே வருகிறேன் என்கிறான். மைதானத்தையும் நாளையும் தாங்கள் குறித்துக் கொடுத்தால் நாங்கள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கனரக வாகன ஓட்டுநர்.