ரத வீதி மேம்பாடு: தொடக்கச் செலவுக்கு என்ன வழி?

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் நாம் சேர்ந்து தெருவைப் பராமரிக்கலாம் என்றதும், முதல் காசை யார் போடுவது என்று கேட்டீர்கள். சரியான கேள்வி.

கனடாவின் டொராண்டோவில் ஒரு கடைவீதி 1970-லேயே இதைத் தொடங்கிவிட்டது. வியாபாரிகள் தனியாக ஒரு வரி கட்டுவார்கள். மாநகராட்சி வசூலித்து அவர்களிடமே கொடுத்துவிடும். இங்கிலாந்தில் இப்படி வரி போட வியாபாரிகளிடையே வாக்கெடுப்பு உண்டு. வாக்குகளின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், வாக்களித்தவர்களின் சொத்து மதிப்புக் கணக்கிலும் வேண்டும். நாலு பெரிய ஜவுளிக்கடைகள் சேர்ந்து சின்னக் கடைகளை அமுக்கிவிட முடியாது. 5 ஆண்டுக்கு மேல் நீட்டிக்க மறுபடியும் வாக்கெடுப்பு. எனக்குப் பிடித்ததே இதுதான்.

நம் சங்கம் யாரிடமும் கட்டாய வசூல் செய்ய முடியாது. ஆனால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறதே! பொதுவான பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும். முதலில் கழிப்பறை கேட்கலாம் என்பது என் கருத்து. ஊரிலிருந்து துணி எடுக்க வரும் பெண்கள் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. கட்டிய பிறகு தினமும் கழுவ ஆள் வேண்டும். அந்த மாதச் செலவுக்குத்தான் கடைக்கு இவ்வளவு என்று பேச வேண்டும்.

தள்ளுவண்டிக்காரர்களை விரட்டும் பேச்சு வேண்டாம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே இருக்க வேண்டும். அவர்களையும் கூப்பிடுவோம்.

ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூட்டம். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டட உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். அதுவரை குட்மார்னிங் படங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் இந்தச் செய்தி மேலே போகாமல் இருக்கும்.